மழலைக்கு மறுமொழி



சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், செம்பரம்பாக்கத்தைத் தாண்டி, ஸ்ரீபெரும்புதூரை அடைவதற்கு முன்னால் வருகிற ஊர் தண்டலம். ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த இந்தப் பிரதேசம், 1990-களின் பிற்பகுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை எழுந்தது முதலாக, ஒரகடம் வரையில் யந்திரசாலைகள் நிறைந்த பூமியாக மாறிவிட்டது. அங்கே ஒரு நாள் காலையில், நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய இளம் தாய் ஒருத்தி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, லைன் வீட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்ததையும், பக்கத்து வீட்டு அம்மாளின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி ஓடிவந்த அவளுடைய ஒன்றரை வயதுக் குழந்தை, தண்ணீர் பாட்டிலின் மூடி ஒன்றை அவள் முகத்துக்கு நேரே நீட்டியதையும் கண்டேன்.

"மூடியா? யாரு குடுத்தா கண்ணு?" என்றாள். குழந்தை யோசித்தது. அவள் காத்திருந்தாள். "த்தை" என்றது குழந்தை. "அத்தை குடுத்தாங்களா! அம்மாவுக்கா?" என்று அவள் கையை நீட்ட, மூடியைக் கொடுத்த குழந்தை மறுகணமே அதைத் திருப்பி வாங்கிக்கொண்டது.

ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துபோன சம்பாஷணை இது. கண்ணைச் செருகும் தூக்கத்தோடு இருந்த அவள், கேள்விக்கும் விடைக்கும் நடுவே காத்திருந்தாளே, அந்தக் கணத்தை நினைத்துக்கொண்டே நான் ஊர் திரும்பினேன். குழந்தையோடு பேசுவது ஒரு கலை என்று இன்று நான் சொல்ல வந்தது, முக்கியமாக அந்தக் காத்திருத்தலை உத்தேசித்துத்தான்.

நம் ஜனங்கள் இந்தக் கலையை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்பதற்குப் பருப்புக் கடைகிற விளையாட்டு ஒன்றே போதும். பாட்டி குழந்தையின் உள்ளங்கையை விரித்து, அதைச் சட்டியாகப் பாவித்துத் தன் முழங்கையால் பருப்பைக் கடைகிறாள். சுண்டு விரலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு விரலையும் மடக்கி, இது அம்மாவுக்கு, இது அப்பாவுக்கு, இது மாமாவுக்கு என்று பந்தி பரிமாறுகிறாள். பிறகு அவளுடைய இரண்டு விரல்கள் நண்டாக மாறிக் குழந்தையின் கைமேல் மெல்ல ஊர்ந்து, முழங்கை மடிப்பில் ஒரு விநாடி நின்றுவிடுகின்றன. அந்த ஒரு விநாடியில் குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. பாட்டியும் குழந்தையின் முகத்தைப் பார்க்கிறாள். பின்பு நண்டு அக்குளுக்குள் பாய்கிறது. சிரித்து ஓய்ந்த குழந்தை, பேச்சே வராத பிராயமானாலும், மறுபடியும் உள்ளங்கையை நீட்டுகிறது. நீட்டிய அந்தக் கைதான் அதன் வாக்கியம், "இன்னொரு தரமா?" என்று பாட்டி கேட்பது அதற்கு மறுமொழி. முறை வைத்துப் பேசுதல், எதிராளியின் முகத்தை வாசித்தல், எண்ணிக்கை, உறவுப் பெயர்கள், அடுத்து என்ன என்கிற எதிர்பார்ப்பு ஆகிய இத்தனையும், காசு செலவில்லாமல், எழுத்தறியாத ஒரு கிழவியின் மடியில் நடந்தேறிவிடுகின்றன.

நம் இலக்கியமும் இதைக் கைவிட்டுவிடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் சந்நிதியில் ஓதப்படும் திவ்வியப் பிரபந்தத்தில், கண்ணனைத் தொட்டிலில் இட்டும் அம்புலியை அழைத்தும் கைகொட்டச் சொல்லியும் பெரியாழ்வார் பாடிவைத்த வழியே பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் என்ற பிரபந்தமாக விரிந்தது. ஏழாம் மாதத்தில் தால், ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி என்று குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்த அந்த மரபில், தால் என்பது நாவுக்குப் பெயர். செங்கீரைக்குத் தலையசைத்தும், சப்பாணிக்குக் கைதட்டியும், வருகைக்குத் தளர்நடை நடந்தும் குழந்தை பதில் சொல்கிறது. பருவந்தோறும் ஒரு விண்ணப்பம், பருவந்தோறும் அதற்கொரு செய்கை. தெய்வத்தையும் அரசனையும் பாட எழுந்த நூல்கள்தாம். ஆயினும், பேச்சு வருவதற்கு முன்பே குழந்தையை முன்னிலையில் வைத்துப் பேசவேண்டும் என்பதை, சாஸ்திரம் வகுப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே, இந்தப் புலவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்று நான் கருதுகிறேன்.

மேல்நாட்டு ஆராய்ச்சி இந்த விஷயத்தில் முதலில் எண்ணிக்கையின் வழியே சென்றது. அமெரிக்காவில் கான்சாஸ் நகரத்தில் 42 குடும்பங்களின் வீட்டுப் பேச்சை மாதந்தோறும் பதிவுசெய்த ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர், வறிய வீட்டுக் குழந்தை நான்கு வயதை எட்டுவதற்குள் வசதியுள்ள வீட்டுக் குழந்தையைவிட மூன்று கோடி சொற்கள் குறைவாகக் கேட்கிறது என்று 1995-ல் கணக்கிட்டார்கள். அந்த 42 குடும்பங்களில் அரசாங்க உதவியைக் கொண்டு ஜீவித்தவை ஆறுதான் என்பது பலருடைய கவனத்துக்கு வரவில்லை; ஏழைத் தாய்க்குப் பேசத் தெரியாது என்ற அபிப்பிராயம் மட்டும் உலகெங்கும் பரவிவிட்டது. பிற்பாடு டக்ளஸ் ஸ்பெரி முதலியோர் வேறு சமூகங்களில் ஆராய்ந்து, தாய் நேரே பேசுவதோடு அத்தையும் பாட்டியும் அண்டை வீட்டாரும் குழந்தையைச் சுற்றிப் பேசுகிற பேச்சையும் சேர்த்துக்கொண்டால் அந்தக் கணக்கு நிலைபெறாது என்று காட்டினார்கள். தண்டலத்து வாசற்படியில் "த்தை" என்ற சொல்லைக் கேட்ட எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

2018-ல் ரேச்சல் ரோமியோ என்ற பெண்மணி, நான்கு முதல் ஆறு வயது வரையிலான 36 குழந்தைகளை ஆராய்ந்து கண்டது, இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது. குழந்தையும் பெரியவரும் மாறி மாறிப் பேசிக்கொள்ளும் முறைகள் எந்த வீட்டில் அதிகமோ, அந்த வீட்டுக் குழந்தையின் மூளையில் மொழிக்குரிய பகுதி அதிகமாகச் செயல்படுகிறது. பெற்றோரின் வருமானத்தையும், செவியில் விழும் சொற்களின் தொகையையும் கழித்துப் பார்த்தாலும் இது மாறவில்லை.

அப்படியானால், ஏழைக்கும் எளிதில் வாய்க்கக்கூடிய இந்தச் செல்வம் ஏன் குறைகிறது? தண்டலத்தில் அதற்கு விடை தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. பருப்புக் கடையத் தெரிந்த பாட்டி திண்டிவனத்துக்கு அப்பாலோ திருவண்ணாமலைச் சீமையிலோ இருக்கிறாள். இங்கே ஓர் அறை. தகப்பன் பகல் ஷிஃப்ட், தாய் இரவு ஷிஃப்ட். ஒருவர் தூங்கும்போது குழந்தை சத்தம் போடாதிருக்க, அதன் கையில் கைப்பேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கைப்பேசி பேசுமே தவிர, காத்திருக்காது. அமெரிக்காவில் பாட்ரீஷியா கூல் 2003-ல் வெளியிட்ட சோதனையில், ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் நேரில் 12 அமர்வுகள் விளையாடியபோது, அந்த மொழியின் ஒலி நுட்பத்தைக் குழந்தைகள் பற்றிக்கொண்டன. அதே பேச்சைத் திரையில் கண்டும் கருவியில் கேட்டும் இருந்த குழந்தைகளோ ஒன்றையும் கற்கவில்லை. நான் இப்போது பேசிக்கொண்டிருக்கும் இந்த வானொலியும் குழந்தையின் முகத்தைப் பார்க்க இயலாத சாதனம்தான். ஆகையால், மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு கேட்கும் தாய்மார்கள், அது ஏதேனும் சொல்ல வாயெடுத்தால் என்னை விட்டுவிட்டு அதற்குச் செவிகொடுக்குமாறு வேண்டுகிறேன்.

தாய்க்கு நேரம் கிடைக்கச் செய்வதும், அவள் இல்லாதபோது குழந்தையோடு பேச ஓர் ஆள் இருக்கச் செய்வதும் தனி மனிதரின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடக்கூடிய காரியங்கள் அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், பெண்கள் வேலைசெய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. 50 பெண்களுக்கு மேல் என்றிருந்த வரம்பை 1976-ல் 30 என்று குறைத்தார்கள். காப்பகம் என்றால் தொட்டிலும் பாலும் மட்டுமே என்று கொள்ளாமல், பேச்சுத் துணையும் அதில் சேர்ந்ததே என்று ஆலை முதலாளிகள் கொள்ளவேண்டும்.

பால்வாடி என்று நம் ஜனங்கள் இன்னமும் அழைக்கும் அங்கன்வாடிக்கு வருகிறேன். மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு 1972-ல் அளித்த அறிக்கையை அடியொற்றி, 1975 அக்டோபர் 2-ஆம் தேதி ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. சத்துமாவும் முட்டையும் எடை பார்த்தலும் ஒழுங்காக நடைபெறுவதில் எனக்கு மெத்த மகிழ்ச்சி. 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டமும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால், ஒரு டீச்சரும் ஓர் ஆயாவும், பதிவேடும் கைப்பேசிச் செயலியும், இருபது குழந்தைகளும் என்றால், ஒவ்வொரு குழந்தையின் முகத்தையும் பார்த்து, கேட்டுவிட்டுக் காத்திருக்க எத்தனை நிமிஷம் மிஞ்சும்? பதிவேட்டுப் பாரத்தைக் குறைப்பதும் இன்னொரு ஆளைத் தருவதும், குழந்தைகளுக்கு மொழியில் சமத்துவம் அளிக்கும் காரியங்களே என்று அதிகாரிகள் உணரவேண்டும்.

தண்டலம் பிரதேசத்தில் நான் கண்ட ஓர் அங்கன்வாடி டீச்சரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளியின் மகள், மூன்று வயதிருக்கும், வந்த நாளிலிருந்து வாய் திறக்கவில்லையாம். நான் போயிருந்த அன்று ஜன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியின்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. குழந்தை விரலை நீட்டி, "காவு" என்றது. ஒடியா பாஷையில் காகத்துக்கு அதுதான் பெயர். டீச்சர் அதைத் திருத்தவில்லை, கையிலிருந்த பதிவேட்டைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, "அட, காவு வந்திருக்கா! எங்க உக்காந்திருக்கு காவு?" என்றார். மற்ற குழந்தைகள் "காக்கா, காக்கா" என்று கூவின. "நமக்குக் காக்கா, பாப்பாவுக்குக் காவு" என்று அவர்களைக் கையமர்த்திவிட்டு, டீச்சர் மறுபடியும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். காகம் பறந்தது. குழந்தை பறந்துபோன திசையைக் காட்டி, நீண்டதாக ஏதோ ஒரு வாக்கியம் சொல்லிற்று. டீச்சருக்கும் அது புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டுவிட்டு, டீச்சர் காத்திருந்தார்.