எக்காலத்துக்கும் உரிய பத்துப் படங்கள்

(ஜூ டவுனில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாம் வகுப்போடு கல்வியை நிறுத்திக்கொண்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன் நான். சங்க இலக்கியம் பற்றிப் பேசுமாறு செயலாளர் அழைத்திருந்தால் கைகூப்பி மறுத்திருப்பேன். ‘எக்காலத்துக்கும் சிறந்த பத்துப் படங்கள் எவை?’ என்பதே அவர் தந்த தலைப்பு. திரைப்படம் பற்றிப் பேசத் தமிழனுக்குப் பட்டம் எதற்கு என்று துணிந்து ஒப்புக்கொண்டேன்.

அன்றிரவே தாளும் பேனாவுமாக அமர்ந்தேன். ஆறு படங்கள் தடையின்றி வந்தன. ஏழாவதில் வீட்டில் வழக்குத் தொடங்கிற்று. ‘பாசமலர்’ இல்லாத பட்டியலும் ஒரு பட்டியலா என்று என் தாயார் சினந்தார். ‘தளபதி’யை விட்டுவிடாதே என்றான் தம்பி. பன்னிரண்டாம் வகுப்புப் பயிலும் என் மகளோ, “இதில் பாதிப் படங்களை நான் பார்த்ததே இல்லையப்பா” என்று சொல்லிவிட்டு உறங்கப் போய்விட்டாள். அவளுடைய சொல்தான் என்னை உறங்கவிடவில்லை.

தமிழ்ப் படம் பேசத் தொடங்கியது 1931-ஆம் ஆண்டு, ‘காளிதாஸ்’ படத்தில். அன்றுமுதல் ஒவ்வொரு தலைமுறையும் தன் படமே நிலையானது என்று நம்பி வந்திருக்கிறது. 1944-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்த பாகவதரின் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே அரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. எட்டே ஆண்டுகளில், 1952-இல், ‘பராசக்தி’ வந்தது. பாட்டை மனப்பாடம் செய்த நாடு வசனத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கியது. இரண்டு படங்களையும் போற்றியவர்கள் பெரும்பாலும் அதே மக்கள்தாம். படம் மாறியது, அதனோடு பார்ப்பவரின் செவியும் மாறியது.

இதற்கு எதிரான வரலாறும் உண்டு. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டும் கிடையாது. வெளிவந்தபோது அது வசூலில் தோற்றது. இன்று தமிழின் சிறந்த படங்களை எண்ணுவோர் அதை விட்டுவிட்டு எண்ணுவதில்லை. படச்சுருளில் ஓர் அங்குலமும் மாறவில்லை; மாறியவர் நாமே.

உலக அறிஞர்களும் இதற்கு விலக்கல்லர். இங்கிலாந்தின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை பல நாட்டுத் திறனாய்வாளர்களிடம் இதே வினாவைக் கேட்டு வருகிறது. முதன்முறை முதலிடம் பெற்றது ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ என்னும் இத்தாலியப் படம். அப்போது முதற்பத்திலும் இடம்பெறாத ‘சிட்டிசன் கேன்’, 1962 முதல் 2002 வரை ஐந்து முறை முதலிடத்தில் வீற்றிருந்தது. 2012-இல் ‘வெர்டிகோ’ அதனை இறக்கியது. 2022-இல் ஷான்டல் அக்கர்மன் என்னும் பெண்மணி 1975-இல் இயக்கிய ‘ஜான் டீல்மன்’ முதலிடத்துக்கு ஏறியது. கற்றோர் பட்டியலே இவ்வாறு ஆடுமாயின், என் வீட்டுத் திண்ணைப் பட்டியல் ஆடுவதில் வியப்பென்ன?

அன்பர்களே, இவ்வுண்மையை உணர நாம் இங்கிலாந்து வரை செல்ல வேண்டியதில்லை. இத்தெருவைப் பார்த்தாலே போதும். 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம் தெருக்கோடியில் நிற்கிறது. மிளகும் சுக்கும் மணந்த கிடங்குகள் பல இன்று பழம்பொருள் கடைகள். எவர்சில்வர் வந்ததும் நாம் எடைக்குப் போட்ட செப்புக்குடமும் பித்தளை உருளியும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் வீற்றிருக்கின்றன. நாம் எறிந்ததை நாமே விலை கேட்டு மலைக்கிறோம்.

நானும் ஒன்றை எறிந்தவன். அதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

என் தந்தையார் இத்தெருவில் ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுதியவர். 1991-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு ஊருக்குச் சென்றிருந்தோம். ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வெளிவந்திருந்தன. பதினொரு வயதினனான நான் ‘தளபதி’க்கு அழுதேன், அவர் ‘குணா’வுக்கு அழைத்துச் சென்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெளியே வந்ததும், “இதை இன்னொரு முறை பார்க்கணும்” என்றார். “நீங்களே போய்ப் பாருங்கள்!” என்று நான் தெருவில் நின்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் எனக்குத் ‘தளபதி’ காட்டினார். பிற்காலத்தில் தொலைக்காட்சியில் ‘குணா’ வரும்போதெல்லாம் வேறு அலைவரிசைக்கு மாற்றியவனும் நானே. 2009-இல் அவர் மறைந்தார். அவர் அதை மறுமுறை முழுமையாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

2024-ஆம் ஆண்டு ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்துக்கு என் மகள் என்னை அழைத்துச் சென்றாள். எறணாகுளத்தை அடுத்த மஞ்ஞும்மல் இளைஞர்கள் 2006-இல் கொடைக்கானல் குணா குகைக்குச் சென்றதும், குழியில் வீழ்ந்த தோழனை மீட்டதுமான உண்மை நிகழ்ச்சியே கதை. உச்சக்கட்டத்தில் வாலி எழுதி இளையராஜா இசையமைத்த அந்த ‘குணா’ப் பாட்டு எழுந்தது. அரங்கு நிறைந்த மலையாள மக்கள் கைதட்டி ஆரவாரித்தார்கள். நான் மட்டும் தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மகள் வீடு திரும்பியதும் ‘குணா’வைக் காண விரும்பினாள். இருவரும் பார்த்தோம். நான் உருகிக்கொண்டிருக்கையில் அவள் கேட்டாள்: “அப்பா, ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் அடைத்து வைப்பது எப்படி அன்பாகும்?” எனக்கு விடை தெரியவில்லை. 1991-இல் எங்களுள் ஒருவரும் அக்கேள்வியைக் கேட்கவில்லை. கதாநாயகன் பெண்ணை அறையும் காட்சிக்குக் கைதட்டிய கூட்டத்தில் நானும் இருந்தவன். சுவை மாறும்போது பழையன சில நம்மிடம் மீண்டு வருகின்றன. பழைய குறைகள் சில அப்போதுதான் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டும் நன்மையே.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் படப்பெட்டிகள் இரயிலில் வந்துகொண்டிருந்தன. அவசரமாக வந்து இறங்கிய பெட்டி ஒரே வாரத்தில் திரும்புவதும் உண்டு. யாரும் தேடாத பெட்டி மாதக்கணக்கில் ஊரில் தங்கிவிடுவதும் உண்டு. எடையும் கட்டணமும் எழுதிய எனக்கு உள்ளிருப்பதன் மதிப்பு தெரிந்ததில்லை.

ஆகவே, செயலாளர் கேட்ட பட்டியலை நான் கொண்டுவரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டு விழாவின்போதும் வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பத்துப் படங்களை எழுதி, கீழே நாளிட்டு வையுங்கள். எதிரே, யாரோடு பார்த்தோம் என்பதையும் குறியுங்கள். மற்றவர் பட்டியலில் ஒரு வரியையும் அடிக்காதீர்கள். தமிழ் எழுதத் தடுமாறும் நம் பிள்ளைகள் இதற்காகவேனும் பத்து வரி தமிழில் எழுதுவார்கள்.

என் தந்தையார் பட்டியல் எழுதி வைத்தாரில்லை. அவருக்காக நான் ஒரு தாளில் ‘குணா’ என்று எழுதி, எதிரே ‘மகனோடு’ என்று குறித்திருக்கிறேன். மற்ற ஒன்பது இடங்களும் வெறுமையாகவே உள்ளன. அவருக்கு வேறு என்னென்ன பிடிக்கும் என்று நான் கேட்டதே இல்லை.

இங்கே தந்தையின் அருகில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றிரவே கேட்டுவிடுங்கள்.