இடியும் பேயும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இரண்டு சங்கதிகள். ஒன்று, மனத்திலுள்ள பயமும் துக்கமும் உடம்பை எப்படிக் கெடுக்கின்றன என்பது. மற்றொன்று, பழங்காலக் கட்டடங்களைத் தீயினின்று எப்படிக் காப்பாற்றுவது என்பது. மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறானே என்று சில தோழர்கள் சிரிக்கலாம். ஆனால் முடிச்சு இருக்கிறது. உடம்புக்கு வந்தால் பேய், பிசாசு, செய்வினை என்றார்கள். கோபுரத்தில் இடி விழுந்தால் தெய்வ கோபம் என்றார்கள். இந்த இரண்டு புரட்டையும் சோதனை செய்து பார்த்தவர்களில் ஒரே மனிதர் முன்னால் நின்றார். அவர்தான் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின்.

அவர் 1706ம் வருஷம் பாஸ்டன் நகரத்தில், சோப்பும் மெழுகுவர்த்தியும் காய்ச்சி விற்ற ஒருவருக்குப் பிறந்தவர். பத்து வயதோடு பள்ளிக்கூடம் தீர்ந்துபோயிற்று. பிறகு அச்சுக்கூட வேலை. படிப்பெல்லாம் சொந்தப் படிப்பு. உடனே அவருக்குப் படம் வைத்து மாலை போட்டுவிடாதீர்கள். அவர் வீட்டில் அடிமைகளும் இருந்தார்கள். வயோதிகத்தில், 1787இல்தான், அடிமை ஒழிப்புச் சங்கமொன்றுக்குத் தலைவரானார். ஆளைத் தொழ வேண்டியதில்லை. செய்த காரியத்தைப் பார்ப்போம்.

அக்காலத்து ஐரோப்பாவில் இடிமழை வந்தால் மாதாகோயில் மணியை அடிப்பது வழக்கம். மணிக்குப் பாதிரிமார் ஞானஸ்நானம் செய்வித்து, அது மின்னலை உடைக்கும் என்று லத்தீனில் அதன்மேலேயே வெட்டியும் வைத்தார்கள். நடந்தது என்ன? ஊரிலேயே உயரமான கட்டடம் மணிக்கோபுரம். உச்சியில் உலோகம். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஏழை. 1784இல் ஜெர்மனியில் வெளிவந்த ஒரு புத்தகத்தின் கணக்குப்படி, 33 வருஷ காலத்தில் 386 கோபுரங்கள்மீது இடி விழுந்து, மணியடித்த 103 பேர் செத்தார்கள். கயிற்றைப் பிடித்தவன் செத்தான். பிடிக்கச் சொன்னவர் அல்ல!

1752இல் மின்னலும் மின்சாரமும் ஒன்றே என்று சோதனையால் நிலைநாட்டப்பட்டது. அதன்மேல் பிராங்க்ளின் சொன்ன யோசனை வெகு சுலபமானது. கட்டடத்தின் உச்சியில் ஓர் இரும்புக் கம்பி. அதிலிருந்து கீழே ஈர மண்ணுக்குள் இறங்கும் வேறொரு கம்பி. மின்னல் அந்த வழியே இறங்கிப் போய்விடும், மரக்கூரை எரியாது. இதற்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. 1755இல் பாஸ்டன் பக்கம் பூமி அதிர்ந்தபோது தாமஸ் பிரின்ஸ் என்ற பாதிரியார், இந்தக் கம்பிகள் மின்சாரத்தைப் பூமிக்குள் இறக்கியதுதான் காரணமாயிருக்கலாம், கடவுள் கையிலிருந்து தப்ப வழியில்லை என்கிற தோரணையில் எழுதினார். வெனிஸ் நகரத்து சான் மார்க்கோ மணிக்கோபுரமோ பல நூற்றாண்டுகளாக இடிக்கு இரையாகிக் கொண்டிருந்தது. 1489இல் உச்சி எரிந்தது, 1745இல் பெருஞ்சேதம். 1776இல் இடிதாங்கி வைத்தார்கள். அந்தக் கோபுரம் 1902இல் விழுந்ததுகூட இடியால் அல்ல, சுவர் வெடிப்பால்.

நம் நாட்டு வைதீகர்கள் இப்பொழுது வேறொரு கதை சொல்லுகிறார்கள். கோபுரக் கலசமே இடிதாங்கிதான், அதில் வரகு போட்டு வைத்தது முன்னோர் விஞ்ஞானம் என்கிறார்கள். தோழர்களே! இடிதாங்கியின் உயிர் உச்சியில் இல்லை. கீழே மண்ணுக்குப் போகும் கம்பியில் இருக்கிறது. அந்தக் கம்பி இல்லாத கலசத்தில் மின்னல் விழுந்தால், அது செங்கல்லுக்கும் சுதைக்கும் உள்ளே பாய்ந்து, அங்குள்ள ஈரத்தை ஆவியாக்கி வெடிக்கச் செய்யும். கலசமே போதுமென்றால் பெரிய கோயில் கோபுரங்களில் இன்று இடிதாங்கிக் கம்பி எதற்காக மாட்டியிருக்கிறார்கள்?

இனி உடம்புக்கு வருவோம். 1778இல் பாரிசுக்கு வந்த மெஸ்மர் என்ற வைத்தியர், உலகமெங்கும் நிரம்பிய ஒரு காந்த சக்தியைக் கையசைவால் நோயாளிக்குள் செலுத்துவதாகச் சொன்னார். போனவர்கள் நடுங்கினார்கள், கதறினார்கள், மூர்ச்சை போட்டார்கள். நம் ஊரில் உடுக்கை அடித்தால் ஆடுகிறார்களே, அதே ஆட்டம். 1784இல் அரசன் பதினாறாம் லூயி விசாரணைக் கமிட்டி போட்டான். ரசாயன அறிஞர் லவாய்சியரும், அப்பொழுது பிரான்சில் அமெரிக்கத் தூதராயிருந்த பிராங்க்ளினும் அதில் அங்கத்தினர். பிராங்க்ளினுக்கு 78 வயது. நடமாட முடியாததால் சோதனை சில அவர் வீட்டிலேயே நடந்தது.

தோட்டத்திலிருந்த ஓர் ஆப்ரிகாட் மரத்துக்கு மெஸ்மரின் சீடர் டெஸ்லான் காந்தம் ஏற்றினார். கண்ணைக் கட்டிய ஒரு பன்னிரண்டு வயதுப் பையனை வேறு மரங்களிடம் ஒவ்வொன்றாய் அழைத்துப் போனார்கள். முதல் மரத்திலேயே வியர்த்தான், இருமினான். நாலாவது மரத்தடியில் மூர்ச்சையாய் விழுந்தான். காந்தம் ஏற்றிய மரமோ தூரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது! கதவுக்குப் பின்னால் டெஸ்லான் இருக்கிறார் என்று சொல்லப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அங்கே அவர் இல்லாமலே வலிப்பு வந்தது. காந்தமில்லாமல் கற்பனை மாத்திரம் இருந்தால் வலிப்பு வருகிறது. கற்பனையில்லாமல் காந்தம் மாத்திரம் இருந்தால் ஒன்றும் வருவதில்லை என்று கமிட்டி முடிவு கூறிற்று.

இதிலிருந்து, விழுந்தவன் நடித்தான் என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. நம்மவரிலும் பலர் இந்தத் தப்பைச் செய்கிறோம். பையன் விழுந்தது நிஜம். பேய் பொய், பயம் நிஜம். பயந்தவுடன் சிறுநீரகத்தின்மேல் குல்லாய் போல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலின் என்ற சரக்கை ரத்தத்தில் விடுகிறது. நெஞ்சு படபடக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, ஜீரணம் தடைப்படுகிறது. பெருந்துக்கத்திலோ அதிர்ச்சியிலோ இருதயத்தின் அடிப்பாகம் ஊதிப்போய், மாரடைப்புப் போலவே நோய் காண்பதை 1990ல் ஜப்பானிய டாக்டர்கள் எழுதினார்கள். பேய்க்கணவாய் பிடிக்கும் பானையின் உருவத்தில் இருதயம் தெரிந்ததால் அந்தப் பானையின் பெயரையே நோய்க்கு வைத்தார்கள். பேயாட்டம் காட்டாத, ஓசையில்லாத துக்கமும் இப்படித்தான். 1995இல் அமெரிக்காவில், அறிவு மங்கிய உறவினரை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் பெண்களின் தோலில் சிறு காயம் செய்து கவனித்தார்கள். அந்தப் பாரமில்லாத பெண்களைவிட இவர்களுக்குக் காயம் ஆற ஒன்பது நாள் அதிகம் பிடித்தது. வீட்டிலே ஒரே பெண்ணின் தலையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, அவள் எப்பொழுதும் சீக்காளி என்று குறை சொல்லும் ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் மனத்தால் நினைத்தே காலராவையும் புற்றுநோயையும் போக்கலாம் என்று கிளம்பியிருக்கும் புதுச் சாமியார்களை நம்பாதீர்கள். பயத்தைப் போக்குவது நல்லதுதான். கிருமியைக் கொல்ல மருந்து வேண்டும்.

இரண்டு சங்கதியும் ஒன்றாய்ச் சேர்ந்த இடம் நமது மதுரை. 2018 பிப்ரவரி 2ந் தேதி இரவு மீனாட்சியம்மன் கோயிலில், கிழக்குக் கோபுரத்தருகே கடைகளில் பிடித்த தீயில் முப்பதுக்கு மேற்பட்ட கடைகள் எரிந்து, வீரவசந்தராயர் மண்டபம் பாழாயிற்று. கல் மண்டபத்திற்குத் தீ என்ன செய்யும் என்பது நம்மவர் எண்ணம். கருங்கல் எரியாது, ஆனால் வெடிக்கும். அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற பொருள் சூட்டில் பருத்து, 573 டிகிரியில் உருமாறி, கல்லைப் பிளக்கும். மண்டபத்துக்குள்ளே துணியும் பிளாஸ்டிக்கும் அடைத்துக் கடை வைத்ததை அல்லவா முதலில் கேட்கவேண்டும்? அதற்குப் பதில் அபசகுனம், நாட்டுக்கு ஆபத்து, பரிகாரம் என்று பேச்சுக் கிளம்பிற்று. சகுனம் பார்ப்பவன் மின்சாரக் கம்பியைப் பார்ப்பதில்லை. அவன் பேச்சைக் கேட்டவனோ தூக்கத்தையும் இழந்து, பரிகாரத்துக்குப் பணத்தையும் இழக்கிறான்.

"கோயில் எரிந்தால் சுயமரியாதைக்காரனுக்கு என்ன?" என்று ஒரு தோழர் கேட்கக்கூடும். உள்ளே சாமி இருக்கிறதா என்பது வேறு வழக்கு. அந்தக் கல்லைச் சுமந்தவனும் செதுக்கியவனும் நம் பாட்டன். யார் நிலம் கொடுத்தார், யாரிடம் வரி பிடுங்கினார் என்பதெல்லாம் சுவர்க் கல்வெட்டில்தான் இருக்கிறது. நம் கட்சிக்குச் சாட்சியே அந்தச் சுவர்தான்.

சாதனம் இருந்தாலும் ஆள் விழிப்பாயிருக்க வேண்டும். பாரிசின் நோத்ருதாம் மாதாகோயிலில் 2019 ஏப்ரல் 15ந் தேதி எச்சரிக்கை மணி சரியாகவே அடித்தது. காவலாள் வேறு கூரையைப் போய்ப் பார்த்ததில் ஏறக்குறைய அரைமணி நேரம் போயிற்று. ஓக் மரக்கூரை முழுவதும் எரிந்தது. 2024 டிசம்பரில் மறுபடி திறந்தபோது, கூரைக்குள் நீர்த்திவலை தெளிக்கும் குழாய்கள் வைத்திருந்தார்கள்.

ஆகையால் நாளைக்கே உங்கள் ஊர்ப் பழைய கோயிலுக்கோ மசூதிக்கோ மாதாகோயிலுக்கோ போங்கள். கும்பிட அல்ல, பார்க்க. இடிதாங்கிக் கம்பி மண்வரையில் வந்திருக்கிறதா, நடுவில் யாராவது அறுத்து விற்றுவிட்டார்களா, மணல் வாளியில் மணல் இருக்கிறதா, திருவிழாவுக்குக் கீற்றுப் பந்தல் போட்டால் மக்கள் வெளியேற வழி எத்தனை என்று தர்மகர்த்தாவையோ அதிகாரியையோ கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

இனி ஆட்சேபணையுள்ள தோழர்கள் மேடைக்கு வந்து கேட்கலாம். பதில் சொல்லச் சித்தமாயிருக்கிறேன்.