முல்லைப் பந்தரும் மறக்கருணையும்



கோபுரமும் விமானமும் திருக்கோயிலுக்கு அழகு தருவன. நாள்தோறும் இறைவன் திருமுடிக்கு மலர் தருவதோ நந்தவனம். மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகைப்படுத்தினர் முன்னோர். அந்நான்கும் கொய்து மாலை தொடுத்துத் திருப்புகலூரில் தொண்டு புரிந்தவர் முருக நாயனார். அவற்றுள் கொடிப்பூவாகிய முல்லையைப் பேணும் முறை ஈண்டுச் சிந்தித்தற்குரியது.

முல்லைக்குத் தேர் ஈந்தான் பாரி. கொழுகொம்பு இல்லாத கொடி மண்ணில் தவழ்ந்து வாடும் என்பதை அவ்வள்ளலின் உள்ளம் அறிந்தது. ஆயினும் கொழுகொம்பு மட்டும் போதுமா? போதாது. இளங்கொடியை மூங்கிற் கழியோடு வாழைநாரால் இறுக்காமல் கட்டுதல் வேண்டும். பந்தரை எட்டும்வரை பக்கக் கிளைகளை நீக்கி, எட்டியபின் நுனியைக் கிள்ளுதல் வேண்டும். அப்போதுதான் கொடி நாற்புறமும் படரும்.

இனிக் கவாத்து. முல்லை புதுத்தளிரிலேயே பூக்கும் இயல்புடையது. ஆதலின் தை மாதத்து நடுவில், சில நாள் நீரை நிறுத்திப் பழங்கிளைகளை வெட்டுவர். புதராக வளர்ப்போர் நிலத்தின்மேல் 1½ அடி விட்டு வெட்டுவர். பந்தரில் ஏற்றியோர் தாய்த்தண்டை விட்டுப் பக்கக் கிளைகளைக் குறைப்பர். பின்னர் எருவிட்டு நீர் பாய்ச்ச, பங்குனி தொடங்கி அரும்பு காணும். வெட்டாது விட்ட கொடியோ இலை செறிந்து, பூக் குறைந்து, ஐப்பசி மழையில் தன் பாரத்தால் பந்தரையே சாய்த்துவிடும்.

வெட்டுதல் கொடுமையன்றோ என வினவலாம். வடதிருமுல்லைவாயில் தலவரலாறு இதற்கு விடை தரும். தொண்டைமானின் யானையை முல்லைக்கொடிகள் பிணித்தன. அதனைச் சுந்தரர் அத்தலப் பதிகத்தில் பாடியருளினார். மன்னன் சினந்து வாள் வீச, கொடியுள் மறைந்திருந்த இலிங்கத் திருமேனியில் அது பட்டது. அவ்வாள் தன் வழிக்கு இடையூறு நீக்க எழுந்தது. தோட்டத் தொண்டரின் கத்தியோ கொடியின் வாழ்வுக்காக எழுவது. இறைவன் அருளை அறக்கருணை, மறக்கருணை எனச் சைவர் இரண்டாகக் கூறுவர். நீரும் எருவும் அறக்கருணை, கவாத்து மறக்கருணை. நமக்கு வரும் துன்பங்களும் அவ்வாறே மலம் களைந்து நம்மை மலர்விப்பன.

நந்தீசுவரர் எழுந்தருளிய ஆதம்பாக்கம் இன்று வீடுகள் நெருங்கிய ஊர். அகன்ற நந்தவனத்துக்கு இடம் காண்பது அரிது. எனினும் முல்லைக்கு வேண்டுவது ஒரு முழக் குழியும் ஒரு பந்தருமே. பந்தர் அமைக்கப் பொருள் தருவோர் புண்ணியர். குடமுழுக்கு முடிந்து, மண்டல பூசையும் நிறைவெய்தி, கூட்டம் கலைந்த பிறகு, தைதோறும் கத்தி ஏந்தி வரும் ஒருவர் அதனினும் பெரிய கொடையாளர். அத்தகையோர் ஊர்தோறும் பெருகத் திருவருள் துணை நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.