இல்லத்துக் கொடுமையும் காவல் நிலையத்தின் கடமையும்
(மகளிர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அடியுண்ட பெண்ணொருத்தி காவல் நிலையத்தின் வாயிலை மிதிக்குமுன், வேறெத்தனை வாயில்களை மிதித்திருப்பாள் என்று எண்ணிப் பாருங்கள். தாய்வீட்டிற்குச் சென்றிருப்பாள், 'பொறுத்துப் போ' என்றிருப்பர். ஊர்ப்பெரியோரை நாடியிருப்பாள்; 'கல்லானாலும் கணவன்' என்றிருப்பர். எல்லாக் கதவும் அடைபட்ட பின்னரே அவள் காவலரிடம் வருகின்றாள். அங்கும் அதே சொல்லைக் கேட்பாளாயின், அவள் திரும்பிச் செல்லும் இடம் யாது? அடித்தவன் வீடே அன்றோ!

இந்நிலையை மாற்றவே மகளிர்க்கெனத் தனிக் காவல் நிலையங்கள் தோன்றின. இந்தியாவில் முதலாவது, 1973ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் திறக்கப்பெற்றது. பிரேசில் நாட்டின் சாவோ பாவுலோ நகரில் 1985இல் ஒன்று எழுந்தது. தமிழகத்தில் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் நிலையம் அமைந்தது; இன்று அவை இருநூற்றுக்கும் மேற்பட்டுள்ளன. ஆடவர்முன் சொல்ல நாக்கூசும் துயரைப் பெண்ணிடம் சொல்லலாம் என்பதே இவற்றின் அடிப்படை.

ஆயின், காவலர் பெண்ணாயிருந்தால் மட்டும் போதுமா? போதாது. பிணக்கு வேறு, கொடுமை வேறு. பிணக்கு இருவர்க்கும் இடையில் எழுவது; பேசித் தீர்க்கலாம். கொடுமையோ ஒருவன் கை ஓங்க, ஒருத்தி அஞ்சி ஒடுங்குவது. அங்கே 'இணங்கி வாழ்க' என்று எழுதி வாங்கி அனுப்புவது, புலியையும் மானையும் ஒரே கூண்டிலடைத்து அமைதி கண்டோம் என்பதை ஒக்கும்.

பிரேசிலின் வரலாறே இதற்குச் சான்று. மரியா தா பென்யா என்னும் பெண்மணி 1983இல் கணவன் சுட்டதால் நடக்கும் ஆற்றலை இழந்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. 2001இல் அமெரிக்க நாடுகளின் மாந்தவுரிமை ஆணையம் பிரேசில் அரசையே குற்றங்கூறிற்று. அதன்பின்னரே, 2006இல், அவர் பெயரால் வழங்கும் சட்டம் பிறந்தது. நிலையத்தின் கதவு திறந்தது 1985இல். அக்கதவின்பின் வலிய சட்டம் வந்து நின்றதோ இருபத்தோராண்டு கழித்து!

இந்தியாவில் குடும்ப வன்முறையினின்று பெண்களைக் காக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பெற்று, 2006இல் நடைமுறைக்கு வந்தது. அடிப்பது மட்டுமன்று, இழிசொல்லால் வதைப்பதும், செலவுக்குப் பணந்தர மறுப்பதும் அதன்படி வன்முறையே. வீடு கணவன் பெயரிலிருப்பினும் அவளை வெளியேற்றலாகாது. நடுவர் பிறப்பிக்கும் காப்பாணையை மீறுவோனுக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 உருபா வரை தண்டமோ, இரண்டுமோ உண்டு. பாதுகாப்பு அலுவலர், தங்குமில்லம், கட்டணமில்லாச் சட்டவுதவி ஆகியவை உள்ளன என்பதை அவளுக்கு எடுத்துரைப்பது காவலரின் கடமை என்று அச்சட்டம் வரையறுக்கின்றது. அது காவலர் விரும்பினாற் செய்யும் உதவியன்று. முதல் தகவல் அறிக்கை பதியப்பெறின், அதை அவளுக்குப் படித்துக் காட்டிப் படியொன்றும் விலையின்றித் தருதல் வேண்டும்.

இவற்றை அறியாதவள் வெறுங்கையோடு திரும்புவாள். அறிந்தவள் கேட்டுப் பெறுவாள். ஆகவே அவையோரே, 181 என்னும் மகளிர் உதவி எண்ணை உங்கள் தெருவிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் சொல்லுங்கள். அடுத்த வீட்டில் அலறல் கேட்டால், 'அது அவர்கள் குடும்பச் செய்தி' என்று கதவைச் சாத்தாதீர்கள். அவளுக்கு முதலில் திறக்க வேண்டிய கதவு உங்கள் வீட்டுக் கதவே!