வீட்டுப் பட்டறையில் ஒரு விமானம்

தைப்பொங்கல் நாளின் பிற்பகலில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்றவர்கள் அந்தக் காட்சியை எளிதில் மறவார். வாடைக்காற்று வீசுகின்றது. கொக்குப் பட்டமும், பிராந்துப் பட்டமும், எட்டுமூலைப் பட்டமும் வானத்தை நிறைத்து நிற்கின்றன. விண் பூட்டிய பட்டங்களின் ஓசை கடலோசையையும் மிஞ்சி ஒலிக்கின்றது. கீழே கயிற்றைப் பற்றி நிற்பவர்களுள் பலர் பொறியியல் நூல் எதையும் படித்தறியாதவர்கள். ஆயினும் மூங்கிலை எவ்வளவு மெல்லிதாகச் சீவ வேண்டும், முச்சையை எவ்விடத்தில் முடிய வேண்டும் என்பதை அவர்களுடைய கைகள் நன்கு அறியும். முச்சை ஒரு விரற்கடை மாறினால் பட்டம் குத்தும். அல்லது எழும்பாமலே இழுபடும்.

இந்தப் பட்டத்திற்கும் ஆகாய விமானத்திற்கும் இடையேயுள்ள தூரம் எவ்வளவு? சாதாரணமாக மக்கள் நினைப்பதுபோல அத்துணை பெரிதன்று. விமானம் என்றதும், பெரிய தொழிற்சாலைகளும் கோடிக்கணக்கான பணமும் நம் மனக்கண் முன் தோன்றுகின்றன. ஆனால் உலகில் மனிதனை ஏற்றிக்கொண்டு தன் வலுவினாலேயே எழுந்து, கட்டுப்பாட்டுடன் பறந்த முதல் விமானம் ஒரு துவிச்சக்கர வண்டிக் கடையிலேதான் உருவாயிற்று.

அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்து டேற்றன் நகரில் துவிச்சக்கர வண்டி விற்றும் திருத்தியும் வாழ்ந்தவர்கள் வில்பர் ரைட், ஓர்வில் ரைட் என்னும் சகோதரர். இருவரும் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர்களல்லர். 1899ஆம் ஆண்டில் அவர்கள் முதலிற் செய்தது 5 அடி அகலமான ஒரு பட்டம். இறக்கையின் நுனியை முறுக்கினால் பறக்கும் பொருளைச் சரிக்கவும் நிமிர்த்தவும் முடியுமா என்பதை அந்தப் பட்டத்தைக் கொண்டே அவர்கள் சோதித்தறிந்தார்கள். பின்னர் 1900இலும் 1901இலும் இயந்திரமில்லாத மிதவை விமானங்களைக் கட்டி, கிற்றி ஹோக் என்னும் மணற்கரைக்குக் கொண்டுசென்று பறந்து பார்த்தார்கள். 1901இல் அவர்களுக்குப் பெரும் ஏமாற்றமே கிடைத்தது. முன்னோர் வகுத்து வைத்த அட்டவணைகளின்படி கணக்கிட்ட உயர்த்துவிசை உண்மையிற் கிடைக்கவில்லை.

அவ்வேளையில் அவர்கள் செய்த காரியம் கவனிக்கத்தக்கது. கையை உதறிவிட்டு அவர்கள் போகவில்லை. இன்னும் பெரிய இறக்கை ஒன்றைக் கட்டி உயிரைப் பணயம் வைக்கவுமில்லை. கடைக்குத் திரும்பி வந்து 6 அடி நீளமான மரப்பெட்டி ஒன்றைச் செய்து, அதனூடே விசிறியினாற் காற்றைச் செலுத்தினார்கள். துவிச்சக்கர வண்டியின் கம்பிகளையும், இரும்பறுக்கும் வாளின் பழைய அலகுகளையும் கொண்டு நுட்பமான தராசு ஒன்றை ஆக்கி, ஏறக்குறைய 200 சிறிய இறக்கை வடிவங்களை அப்பெட்டியினுள் வைத்து அளந்தார்கள். பழைய அட்டவணை தள்ளப்பட்டது, புதியதொன்று பிறந்தது. அதன் பயனாக, 1903 டிசம்பர் 17ஆம் நாள் ஓர்வில் ரைட் 12 விநாடி நேரம், 120 அடி தூரம் பறந்தார். அன்றைய நான்காவது பறப்பில் வில்பர் 59 விநாடியில் 852 அடியைக் கடந்தார். அந்த விமானத்தின் சட்டம் மரத்தாலானது; போர்வை பருத்தித் துணி. 12 குதிரைவலுக் கொண்ட அதன் இயந்திரத்தைக் கடையின் தொழிலாளரான சார்ள்ஸ் ரெயிலர் ஆறு வாரங்களிற் செய்து கொடுத்தார். இயந்திரத்தின் வலுவைச் சுழலிகளுக்குக் கொண்டுசென்றவை சங்கிலிகளே.

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் அறிதல் வேண்டும். 1930களில் பிரான்சிலே ஹென்றி மின்யே என்பவர் சாதாரண மனிதர் வீட்டிலேயே கட்டக்கூடிய சிறு விமானம் ஒன்றை வகுத்தார். வானத்துத் தெள்ளுப்பூச்சி என்பது அதன் பெயர். மரப்பெட்டி அடிக்கத் தெரிந்த எவரும் இதைக் கட்டலாம் என்பதே அவருடைய நம்பிக்கை. அவர் எழுதிய நூலைப் படித்த பலர் பிரான்சிலும் பிரித்தானியாவிலும் தத்தம் கொட்டில்களில் விமானம் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் 1935இலும் 1936இலும் அவ்விமானங்களிற் சில தலைகீழாகப் பாய்ந்து வீழ்ந்தன, பறந்தவர்கள் மாண்டார்கள். அதன் பின்னரே முழு அளவு விமானத்தைப் பெரிய காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். முன் இறக்கையும் பின் இறக்கையும் மிக நெருக்கமாக அமைந்திருந்தமையால், விமானம் ஓர் அளவுக்கு மேல் மூக்குக் குத்திச் சாயும்போது மீண்டும் நிமிர இயலாது என்பது அப்போது வெளியாயிற்று. குறை பின்னர் திருத்தப்பட்டது. ஆனால் இறந்தவர்கள் மீளவில்லை.

மின்யே கைத்திறன் மிக்கவர், துணிவு மிக்கவர். அவரிடம் இல்லாதிருந்தது அளந்து பார்க்கும் அந்த மரப்பெட்டிதான். ரைட் சகோதரரிடம் கையும் கணக்கும் ஒன்றுகூடியிருந்தன. வீட்டுப் பட்டறையில் விமானம் கட்டுவதன் முழு இரகசியமும் இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றது.

இன்று உலகின் பல பாகங்களில் ஆயிரக்கணக்கானோர் தம் வீட்டிலேயே விமானம் கட்டிப் பறக்கின்றார்கள். அமெரிக்காவில் இத்தகையோருக்கென 1953இல் ஒரு சங்கம் தோன்றியது. அந்நாட்டுச் சட்டத்தின்படி, விமானத்தின் பாதிக்கு மேற்பட்ட வேலையைக் கட்டுபவர் தம் கையாலேயே செய்திருத்தல் வேண்டும். வேலையின் ஒழுங்கு ஏறக்குறைய இதுவே: முதலில் இறக்கையின் முதுகெலும்பான நெடுஞ்சட்டத்தையும் விலாச்சட்டங்களையும் செய்து பொருத்துவார்கள். பின்னர் துணியைப் போர்த்து, அது முரசின் தோல்போல இறுகும்வண்ணம் பூச்சுப் பூசுவார்கள். இறக்கையைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கி, பறக்கும்போது தாங்க வேண்டிய பாரத்தைத் தாங்குமா என்று பார்ப்பதும் உண்டு. எல்லாவற்றிலும் முக்கியமானது புவியீர்ப்பு மையம். அது உரிய இடத்தினின்றும் சிறிது பின்னே விலகினாலும் விமானம் விமானியின் சொற்கேளாது. பட்டத்தின் முச்சையை அறிந்த வல்வெட்டித்துறைச் சிறுவனுக்கு இந்த உண்மையை விளக்குவது கடினமான காரியமன்று. கட்டி முடித்த பின்னும், அதிகாரிகள் பார்வையிட்டு அனுமதி வழங்கி, தனியாகப் பல மணி நேரம் பறந்து சோதித்த பின்னரே வேறொருவரை ஏற்றிச் செல்லலாம்.

இவை மேல்நாட்டுக்கு மட்டும் உரியவை என்று கருதுதல் தவறு. மும்பையில் அமோல் யாதவ் என்னும் விமானி, தம் குடும்பம் வாழ்ந்த மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியிலேயே ஆறு இருக்கைகள் கொண்ட விமானம் ஒன்றைக் கட்டினார். 2016இல் அது கண்காட்சியில் வைக்கப்பட்டது. 2017இலேயே பதிவுச் சான்றிதழ் கிடைத்தது. அதன் பின்னும் பறப்பதற்கு வேறு அனுமதிகள் வேண்டியிருந்தன. அவர் மரத்தையும் உலோகத்தையும்விடப் பொறுமையையே அதிகம் செலவிட்டார் எனலாம்.

நம் இலங்கையிலும் இதற்கு ஒரு சிறந்த உதாரணம் உண்டு. 1924இற் பிறந்து 2010இல் மறைந்த ரே விஜேவர்தன, கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்றவர். 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக் விழாவிற் பாய்மரப் படகோட்டத்திற் பங்குபற்றியவர். இரு சக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவரும் அவரே. இலகுரக விமானங்களைத் தாமே வரைந்து, தாமே கட்டி, தாமே ஏறிப் பறந்து சோதித்தார். தாம் செய்த உழவு இயந்திரத்தைப் பற்றியே பிற்காலத்தில் அவர் ஐயம் எழுப்பினார். விவசாயத்தை வளர்ப்பதற்குப் பதிலாக எருமையை மட்டும் இயந்திரமாக்கிவிட்டோமோ என்று வெளிப்படையாகவே கேட்டார். தான் செய்ததைத் தானே சோதித்துக் குறை காணும் இந்த நேர்மைதான் விமானம் கட்டுபவனுக்கு முதலில் வேண்டிய குணம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் கைத்திறனுக்கு என்றும் பஞ்சமிருந்ததில்லை. 1930இல் வல்வெட்டித்துறை ஓடாவிமார் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் ரொபின்சன் என்னும் அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 1937இற் புறப்பட்ட அக்கப்பல், அவ்வூர் மாலுமிகள் செலுத்த, சூயஸ் கால்வாயையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடையினால் எரிபொருள் அரிதாகிய காலத்தில், சிறிதளவு பெற்றோலை விட்டு இயந்திரத்தைத் தொடக்கி, மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்ட வழிகண்டவர்கள் இங்குள்ள பட்டறைத் தொழிலாளர்களே. மின்சாரமில்லாத வீடுகளில், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவினால் வானொலி கேட்ட நாட்களைப் பலர் இன்றும் நினைவில் வைத்திருப்பர்.

இத்துணைத் திறன் இருந்தும் குறைவது யாது? கையும் கணக்கும் நம்மிடையே தனித்தனியே வாழ்கின்றன. பௌதிகவியலில் உயர்ந்த புள்ளி பெறும் மாணவன் உயர்த்துவிசையின் சமன்பாட்டை வழுவின்றி எழுதுவான். ஒரு பட்டத்திற்கு முச்சை கட்டச் சொன்னால் திகைப்பான். ஒழுங்கையின் முடிவிலுள்ள பட்டறையில் வேலை செய்யும் இளைஞன், இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே அதன் நோயைச் சொல்வான்; ஆயின் அவன் பாடசாலையை இடைநடுவில் விட்டவன் என்பதனால் அவனுடைய அறிவுக்கு மதிப்பில்லை. இவ்விருவரும் ஒரே ஊரிற் பிறந்தும் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஆணியும் சுத்தியலும் எதற்கு என்று கேட்கும் பெற்றோர், தம்மையறியாமலே இந்தப் பிரிவைப் பெருக்குகின்றார்கள்.

அதற்காக, நாளைக்கே ஒவ்வொரு வீட்டிலும் விமானம் கட்டத் தொடங்க வேண்டும் என்பது கருத்தன்று. மின்யேயை நம்பி வீழ்ந்தவர்களின் கதை அதற்கு எச்சரிக்கை. எவ்வித மேற்பார்வையுமின்றி, அனுமதியுமின்றி, தானே கட்டிய பொறியிற் பறக்க முற்படுவது வீரமன்று. ஆனால் அந்த ஆசையை ஏளனஞ் செய்து அடக்குவதும் நன்றன்று. கொட்டிலுக்குள் மரச்சட்டங்களை ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளைக்கு வேண்டியவர் தடுப்பவருமல்லர்; வெறுமனே புகழ்பவருமல்லர். எவ்வளவு நீளம், எவ்வளவு நிறை, எப்படி அறிந்தாய் என்று கேட்பவரே அவனுக்கு வேண்டியவர்.

பாடசாலைகள் இதனை எளிதாகத் தொடங்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை பட்டங்கட்டும் பெரியவர் ஒருவரை விஞ்ஞான அறைக்கு அழைத்து வந்து மாணவர் முன் பட்டம் கட்டச் செய்யலாம். இயந்திரத் தொழிலாளர் ஒருவர் பழைய இயந்திரம் ஒன்றைப் பிரித்துக் காட்டலாம். மரப்பெட்டியும் விசிறியும் கிடைத்தால், ரைட் சகோதரர் செய்த சோதனையை மாணவர்களும் செய்து பார்க்கலாம். இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை. பட்டறையில் அறிவைத் தேடிப் போகும் பணிவே தேவை.

2019இல் பலாலி விமான நிலையம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. வானத்தில் விமான ஓசை கேட்டதும் அப்பகுதிச் சிறுவர்கள் அண்ணாந்து பார்க்கின்றார்கள். அவர்களுள் ஒருவன் கையிற் பட்டக்கயிறு இருக்கலாம். அடுத்த பொங்கலன்று அவனுடைய பட்டம் குத்தினால், புதியதொன்றை வாங்கிக் கொடுப்பதற்கு முன், அது ஏன் குத்தியது என்று அவனைக் கேளுங்கள். முச்சையை அவனே அளந்து, திருத்திக் கட்டி, மீண்டும் ஏற்றட்டும்.