இரண்டு இரண்டு பேராக

(ஆதரவாளர்களின் ஸ்தோத்திரக் கூட்டத்தில் நமது மருத்துவமனை சாப்ளின் ஆற்றிய உரை)



இந்த வெயிலில் பஸ் மாறி, திருச்சுழி வரை வந்திருக்கிறீர்கள். ஆகையால் நீண்ட பிரசங்கம் செய்ய மாட்டேன். ஒரு வாலிபனைப் பற்றி மட்டும் சொல்ல விரும்புகிறேன். அவன் நம் சபையைச் சேர்ந்தவன் அல்ல. நம் உபதேசத்தை உடையவனும் அல்ல. ஆனாலும் அவனைக் கொண்டு கர்த்தர் எனக்கு ஒரு பாடம் கற்பித்தார்.

2019-ஆம் ஆண்டு என் மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தேன். ஒரு மாலை அவன் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாலிபர் வந்து வணக்கம் சொன்னார்கள். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை. ஒருவன் அமெரிக்கன், மற்றவன் பிலிப்பைன்ஸ் நாட்டான். பார்த்தவுடனே தெரிந்துகொண்டேன், இவர்கள் மார்மன் ஊழியர் என்று.

உண்மையைச் சொல்லுகிறேன், எழுந்து போய்விடத்தான் நினைத்தேன். அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவன் நான். 1830-ல் ஜோசப் ஸ்மித் அமெரிக்காவில் ஆரம்பித்த சபை அது. வேதாகமத்தோடு மார்மன் புத்தகத்தையும் அவர்கள் வேதமாகக் கொள்ளுகிறார்கள். நாம் ஞாயிறுதோறும் அறிக்கையிடும் திரித்துவ விசுவாசத்தை நம்மைப் போல் அவர்கள் ஏற்பதில்லை. இது சிறிய வித்தியாசம் அல்ல. இன்றைக்கும் நான் அதைச் சிறிதாக்கிப் பேசவில்லை. ஆனால் அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. நானும் போக முடியவில்லை, அவர்களும் போக முடியவில்லை.

அமெரிக்கப் பையனின் அட்டையில் 'எல்டர்' என்று போட்டிருந்தது. அதாவது மூப்பர். "தம்பி, உனக்கு என்ன வயது?" என்றேன். "பத்தொன்பது" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். உபதேசத்தைப் பற்றித் தர்க்கம் செய்ய எனக்கு மனமில்லை. ஆகவே, "உன் ஒரு நாளைச் சொல்லு" என்று கேட்டேன்.

அவன் சொன்னான். காலை 6.30-க்கு எழ வேண்டும். தேகப்பயிற்சி, ஜெபம், காலை ஆகாரம். பிறகு தனியே வேத வாசிப்பு. கூட்டாளியோடு சேர்ந்து இன்னொரு வாசிப்பு. அதற்கப்புறம் தெரு. பெரும்பாலானோர் முகம் திருப்பிக்கொள்ளுவார்கள். இரவு திரும்பி வந்து மறுநாளுக்குத் திட்டம் எழுதி, 10.30-க்குப் படுக்கை. டெலிவிஷன் இல்லை, சினிமா இல்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத. வீட்டாரோடு வாரம் ஒருமுறை பேசலாம் என்ற அனுமதியே அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வந்ததாம். அதற்கு முன் வருஷத்துக்கு இரண்டு முறைதான். இப்படி இரண்டு ஆண்டு. சம்பளம் கிடையாது. புறப்படுமுன் இரண்டு கோடை காலம் ஒரு பால் பண்ணையில் வேலை செய்து பணம் சேர்த்தானாம். மீதியை அவன் பெற்றோர் தாங்குகிறார்கள்.

இன்னொரு விதியும் உண்டு. தனியாக எங்கும் போகக் கூடாது. எப்போதும் இருவர். நம் ஆண்டவர் எழுபது பேரை ஊர் ஊராக அனுப்பினபோது இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம் அல்லவா? அதையே இவர்கள் அப்படியே செய்கிறார்கள்.

"கஷ்டமான நாள் எது?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். வந்த மூன்றாம் மாதம் அவனுடைய தாத்தா இறந்துபோனார். வீட்டாரோடு போனில் பேசினான், போகவில்லை. "மறுநாள் எப்படி எழுந்தாய்?" என்றேன். கூட்டாளியைக் காட்டி, "நான் கேட்காமலே இவன் என் சட்டைகளையும் சேர்த்துத் துவைத்துக் காயப் போட்டிருந்தான். அதைப் பார்த்தேன், எழுந்துவிட்டேன்" என்றான்.

அன்பானவர்களே, அந்தச் சொல் என்னைக் குத்தியது. ஏன் என்று சொல்லுகிறேன்.

அதற்கு முந்தின ஆண்டு, நம் மருத்துவமனையில் ஒரு இளம் நர்ஸ் இருந்தாள். கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளை. பச்சைப் பசேல் என்ற ஊரிலிருந்து, குண்டாற்றில் மணலும் கண்மாய்க்குள் சீமைக்கருவேலும் மட்டும் தெரிகிற இந்த மண்ணுக்கு வந்தவள். உப்புத் தண்ணீர். இரவு டூட்டி முடித்து வந்தால் பேச ஆள் இல்லை. ஒரு நாள் என்னிடம் வந்து, "ஐயா, என்னால் முடியவில்லை" என்றாள். நான் என்ன செய்தேன்? அர்ப்பணிப்பைப் பற்றி அரைமணி நேரம் பேசினேன். பழைய மிஷனெரிமாரின் பாடுகளை எல்லாம் எடுத்துச் சொன்னேன். ஜெபித்து அனுப்பினேன். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. எத்தனை இரவு தொடர்ந்து டூட்டி என்று கேட்கவில்லை. அடுத்த மாதம் அவள் பெட்டியோடு பஸ் ஏறினாள். பிள்ளைக்கு விசுவாசம் போதவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். போதாதது அவளுடைய விசுவாசம் அல்ல, என்னுடைய அன்பு. அதை ஒரு மார்மன் பையன் வாயால் கேட்டு அறிய வேண்டியதாயிற்று.

வாலிபர் வீட்டை விட்டுக் கிளம்புவது நம் பகுதிக்குப் புதிதல்ல. இதே திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷி, மதுரை அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, 1896-ல், 16 வயதில் வீட்டை விட்டுத் திருவண்ணாமலைக்குப் போனார். அவர் வழி வேறு. ஆனாலும் வாலிப இருதயம் முழுவதையும் கொடுக்க வல்லது என்பதை இவ்வூரார் அறிவார்கள்.

மார்மன் ஊழியரும் தமிழ்நாட்டுக்குப் புதியவர் அல்லர். 1853-ல் ரிச்சர்டு பாலன்டைன் என்பவர் உடன் ஊழியரோடு சென்னைக்கு வந்தார். ஸ்காட்லாந்தில் பிறந்தவர், சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849-ல் முதல் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கியவர். குடும்பத்தை விட்டு, கையில் பணமின்றி வந்தார். ஏறக்குறைய ஓராண்டு பிரசங்கித்தார், பத்திரிகை அச்சிட்டார். சேர்ந்தவர் மிகச் சிலரே. 1854-ல் உடல்நலம் குன்றித் திரும்பினார். 1856-க்குள் அந்த மிஷனே முடிந்துபோனது. கணக்குப் பார்த்தால் தோல்வி. அந்த வேதனையை, எந்தச் சபையாரானாலும், ஊழியம் செய்தவர் அறிவார்.

நம்மவர் சரித்திரத்தையும் நினையுங்கள். 1902-ல் வே. சா. அசரியா யாழ்ப்பாணம் போனார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர், கடல் கடந்து நம் தொண்டிப் பக்கத்துக்குத் தங்கள் சொந்தச் செலவில் ஊழியரை அனுப்பிவந்ததைக் கண்டார். நாம் ஏன் அனுப்பவில்லை என்ற பாரம் அவரைப் பிடித்தது. மறு ஆண்டே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. அனுப்பப்பட்டவர் பின்னால் எப்போதும் அனுப்பினவர் ஒருவர் இருந்தார். காசு கொடுத்தவர், கடிதம் எழுதினவர், பேர் சொல்லி ஜெபித்தவர்.

இங்கேதான் உங்களிடம் வருகிறேன். மிஷன் மருத்துவமனைகளின் ஆதரவோடு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள், படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டு மிஷன் மருத்துவமனையில் சேவை செய்ய உடன்படுகிறார்கள். அதே இரண்டு ஆண்டு! அப்படிப்பட்ட டாக்டர் பிள்ளைகளும் நர்ஸ் பிள்ளைகளும்தான் இரவு இரண்டு மணிக்குப் பாம்பு கடித்து வருகிற கரிமூட்டத் தொழிலாளியைப் பார்க்கிறார்கள். இரத்தம் குறைந்து பிரசவத்துக்கு வருகிற மிளகாய்க்காட்டுப் பெண்ணைப் பார்க்கிறார்கள். இந்த ஊர் அவர்களுக்கு வெளிநாடு மாதிரிதான்.

நீங்கள் அனுப்பும் காணிக்கை மருந்தாகிறது, கட்டிலாகிறது, ஸ்தோத்திரம். இன்று ஒன்று கூடக் கேட்கிறேன். இவர்களுக்கு ஒரு கார்டு எழுதுங்கள். அருப்புக்கோட்டையில் இருப்பவர்கள் பண்டிகைக்கு ஒரு பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுங்கள். அறுவடைப் பண்டிகைக்கு வரும்போது வார்டைப் பார்த்துவிட்டு, குவார்ட்டர்ஸ் பக்கமும் வந்து, "தண்ணீர் வருகிறதா, தூங்கினாயா?" என்று விசாரியுங்கள். அவர்கள் சட்டையை நாம் துவைக்க வேண்டாம். துவைக்கத் தண்ணீர் இருக்கிறதா என்றாவது பார்ப்போம்.

நானும் திருந்த முயலுகிறேன். இப்போது இரவு டூட்டி மாறும் நேரத்தில் ஒரு பிளாஸ்க் டீயோடு வார்டுக்குப் போகிறேன். முதலில் பிரசங்கம் செய்வதில்லை. "உன் நாள் எப்படி இருந்தது, அம்மா?" என்று கேட்கிறேன். சென்ற ஆண்டு ஒரு பிள்ளை, இரண்டு ஆண்டு முடிந்தும், இன்னும் ஓராண்டு இருக்கிறேன் என்று சொன்னாள். என் டீக்காக அல்ல என்று அறிவேன். கர்த்தருக்கே மகிமை.

போன அந்த முதல் பிள்ளைக்கும் கடிதம் எழுதி மன்னிப்புக் கேட்டேன். பதில் வரவில்லை. அவளுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்.

சிங்கப்பூரில் மழை விட்டதும் அந்த இருவரும் எழுந்தார்கள். தங்கள் புத்தகத்தை நீட்டினார்கள். நான் அன்போடு மறுத்தேன். ஆனால் ஜெபிக்கலாமா என்று கேட்டேன். தலை குனிந்தார்கள். அந்தப் பையனுடைய பாட்டிக்காக ஜெபித்தேன். நம்மைச் சேராத ஒருவன் ஆண்டவர் நாமத்தில் நன்மை செய்ததை யோவான் தடுக்கப் பார்த்தபோது, தடுக்க வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னதை மாற்கு எழுதியிருக்கிறார். அதை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அன்றுதான் கேட்டேன்.

கர்த்தர் உங்களையும், நீங்கள் தாங்கும் இப்பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.