பின்களத்தில் தொடங்கும் தாக்குதல்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் கோலைக் காக்கத் தனியாக ஓர் ஆள் கிடையாது, வலையும் கிடையாது. நடுவில் உள்ள இரண்டு உயரமான கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் 6 புள்ளிகள். அந்தக் கம்பங்களுக்கு முன்னால் கடைசி வரிசையில் நிற்பவர்கள் மூன்று பேர். அவர்களில் ஓரத்தில் நிற்பவருக்கு ‘பேக் பாக்கெட்’ என்று பெயர். அந்த இடத்தில் ஆடிய பெர்னி ஸ்மித்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர் ஆடிய காலத்தில், மாற்று ஆட்டக்காரருக்கு வழிவிட்டு வெளியேறியவர் திரும்பக் களமிறங்க முடியாது. அதனால் பந்தைத் துரத்தி ஓடிக் களைத்த ரோவர்கள், எதிரணிக் கோலின் ஓரத்தில் நின்று இளைப்பாறுவார்கள். இளைப்பாறுதல் என்பது பெயருக்குத்தான்; அங்கே நின்றபடியே கோலும் அடிப்பார்கள். எசெண்டன் அணியின் பில் ஹட்சிசன், காலிங்வுட் அணியின் லூ ரிச்சர்ட்ஸ் போன்ற ரோவர்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது! அத்தகையவர்களை ஒட்டியே நின்று, வந்த பந்தை எல்லைக்கோட்டுப் பக்கம் தள்ளிவிட்டால் பேக் பாக்கெட்டின் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

ஸ்மித் அதோடு நிற்கவில்லை. பந்தைக் கைப்பற்றியதும் வெளியே பாய்ந்து ஓடுவார்; தன் அணியினரைத் தேடி உதைப்பார். அடிலெய்டிலிருந்து 1948இல் ஜீலாங் அணிக்கு வந்தவர் அவர். முதலில் நடுக்களத்தில் ஆடியதால், முன்னால் திறந்து கிடக்கும் இடத்தைக் காணும் கண் அவருக்கு வாய்த்திருந்தது என்பது என் கணிப்பு.

1951இல் அவருக்குப் பிரவுன்லோ பதக்கம் கிடைத்தது. பேக் பாக்கெட்டில் ஆடிய ஒருவர் அதை வென்றது அதுவே முதல்முறை. ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவர்களே 3, 2, 1 என வாக்களித்துத் தருவது இந்தப் பதக்கம்; திறமையோடு நேர்மையான ஆட்டத்துக்கும் உரியது. எதிராளியை மடக்குவதே தொழிலாகக் கொண்ட ஒருவரை, விதிமீறலுக்காக விசில் ஊதும் அதே நடுவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் பெற்ற பாராட்டுகளிலேயே இதைத்தான் நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

அதே ஆண்டு இறுதிப்போட்டியில் எசெண்டனை 11 புள்ளிகள் வித்தியாசத்தில் வென்றது ஜீலாங். 1952இலும் வாகை சூடியது. அந்த ஆண்டு தொடங்கி 1953வரை தொடர்ந்து 23 வெற்றிகள்! 1958வரை அந்த அணிக்காக ஸ்மித் 183 ஆட்டங்கள் ஆடினார்.

1996இல், லீக்கின் நூறாண்டு வரலாற்றில் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ‘நூற்றாண்டு அணி’யைத் தேர்ந்தெடுத்தார்கள். அதைக் காண அவர் உயிரோடு இல்லை. அந்த அணியில் பேக் பாக்கெட்டுக்கு இரண்டு இடங்கள். ஒன்றை, நடுவர் எறியும் பந்துக்காகத் தாவித் தட்டிவிடும் ரக்மேனாகப் புகழ்பெற்ற ஜான் நிக்கல்ஸுக்குக் கொடுத்தார்கள். அந்த இடத்துக்கே உரிய ஆட்டக்காரராக அதில் இடம்பெற்றவர் பெர்னி ஸ்மித் ஒருவர்தான்.